எந்த ‘இ’?

பட்டியலில் அம்சத்துக்குக் கணவர் இருந்தார். ஆனால் அந்தக் கணவருக்கென்று தனியாக ஒரு வரி இல்லை.

கோவிந்தராசு மூக்குக்கண்ணாடியைத் துண்டு முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சித்தன்வாய்க்கால் ஊராட்சிப் பள்ளிச் சுவரில் வரைவு வாக்காளர் பட்டியலை அன்று காலையில்தான் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. வரிசை எண் 211, பக்கத்து வீட்டுப் பிரகதீஸ்வரி. 212, அம்சம், கணவர் பெயர் கோவிந்தராசு, வயது 52. 213, எதிர் வீட்டுக்காரர். இந்த மூன்று பேருக்கும் நடுவே எங்கேயாவது அவர் இருந்திருக்க வேண்டும்.

கடைசித் தாளில் நீக்கப்பட்டவர்கள் என்று பதினேழு பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது கோவிந்தராசு. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஓர் எழுத்து: இ.

மற்ற பதினாறு பேருக்கும் அதே எழுத்துத்தான்.

வேறு யாராவது என்றால் ‘போகிறது, அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வயலுக்குப் போயிருப்பார்கள். கோவிந்தராசுவால் அது முடியாது. அதற்கு ஆறு வருஷக் கதை ஒன்று உண்டு.

போன ஊராட்சித் தேர்தலில் மூன்றாவது வார்டுக்கு அம்சத்தின் தம்பி மதிவாணன் நின்றார். அதற்கு முன் ஒரு தரம் மெம்பராக இருந்தவர்தான். எதிர்த்து நின்றவர் துரைராசு. ஓட்டு எண்ணினால் ஆளுக்கு நூற்றுப் பன்னிரண்டு. சீட்டுக் குலுக்கினார்கள், துரைராசு பெயர் வந்தது. அந்தத் தேர்தலில் கோவிந்தராசு ஓட்டுப் போடவில்லை. அவர் மேல் தப்பில்லை. பட்டியலில் ராசுவுக்குப் பதிலாக ‘கோவிந்தராசி, பெண்’ என்று அச்சாகியிருந்தது. மீசையைப் பார்த்த வாக்குச்சாவடி அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

இதை மதிவாணன் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. அன்று காலை துரைராசுவோடு கோவிந்தராசு டீ குடித்ததைப் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். விரலில் மை இல்லையே என்று நீட்டிக் காட்டினார். சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றார்கள். மதிவாணன் ஒருநாளும் நேராகத் திட்டியது கிடையாது. விருந்துக்குப் போனால் மட்டும், “அத்தானுக்கு ஒரு அப்பளம் வை. ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுன்னா எவ்வளவு பெருசுன்னு எனக்குத்தான் தெரியும்” என்பார். பொங்கல், தீபாவளி, காதுகுத்து எல்லாவற்றிலும் ஆறு வருஷமாக அந்த ஓர் அப்பளத்தைத் தலைகுனிந்து நொறுக்கிக்கொண்டிருந்தார் கோவிந்தராசு.

அந்த வீட்டில் அவரை ஒரு வார்த்தை சொல்லாதவள் மதிவாணன் மனைவி சாவித்திரி ஒருத்திதான்.

ராசியை ராசு ஆக்கி வருஷக்கணக்காகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பெரிய தேர்தல்களில் எல்லாம் மை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஓட்டு மதிவாணன் கணக்கில் சேராது. இப்போது மறுபடி ஊராட்சித் தேர்தல் வருகிறது. மதிவாணனும் நிற்கிறார், துரைராசுவும் நிற்கிறார். கோவிந்தராசு இந்தத் தரம் ஓட்டுப் போட்டே ஆகவேண்டும்.

வார்டுக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் அங்கன்வாடி டீச்சர் செம்மொழி. கோவிந்தராசு போனபோது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், ‘இ’ன்னா என்ன?”

“கட்டம் சின்னதுங்கய்யா. முழுசா எழுத எடமில்ல. அதான் முதல் எழுத்த மட்டும் போட்டேன்.”

“எதுக்கு முதல் எழுத்து?”

செம்மொழி விரலை மடக்கினாள். “இறந்தவர். இடம்பெயர்ந்தவர். இரட்டைப் பதிவு. இல்லத்தில் இல்லாதவர்.”

“இதுல நான் யாரு?”

“அதான் எனக்கும் தெரியல.”

நோட்டை எடுத்துப் புரட்டினாள். மூன்று வார்டு, முந்நூறு வீடு, வேகாத வெயிலில் நடந்து எழுதியது. கோவிந்தராசு வீட்டுக்கு நேரே ‘மனைவி கூறியது: அவர் இல்லை’ என்று இருந்தது. அதற்குமேல் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கோவிந்தராசு வீட்டுக்கு வந்தார். அம்சம் கொல்லையில் உட்கார்ந்து விரால் மீனைச் சாம்பல் போட்டு உரசிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பதில் சொன்னாள். “அவரு இல்லன்னேன். நீங்க மோட்டார் கொட்டகைக்குப் போயிருந்தீங்க. இல்லாத மனுஷன இருக்காருன்னா சொல்லச் சொல்றீங்க?”

“வீட்ல இல்லன்னு சொல்லியிருக்கணும்.”

“அந்தப் பொண்ணு கேட்டது வீட்டு வாசல்ல நின்னு. பின்ன எங்க இல்லன்னு நெனச்சுக்கும்?”

இனிமேல் யார் வந்து கேட்டாலும் ‘இல்லை’ என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். அம்சம் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சரி என்றாள். அவள் ஒரு தரம் சரி என்று சொன்னால் அப்படியே நடப்பவள். பின்னால் அதுதான் ஆபத்தாக முடிந்தது.

சாயங்காலம் சாவித்திரி தயிர் உறைமோர் வாங்க வந்தவள் சங்கதியைக் கேட்டுவிட்டு இரக்கப்பட்டாள். “விடுங்கண்ணே. ஒரு ஓட்டுக்காக யாராச்சும் இப்படி அலைவாங்களா? சம்பா பூக்கற நேரம், வயலப் பாருங்க.”

கோவிந்தராசு உறைமோரை இன்னும் ஒரு கரண்டி கூடவே ஊற்றச் சொன்னார். அந்த வீட்டில் இப்படியும் ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். அவளுக்காகவாவது ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று உறுதி இன்னும் பலப்பட்டது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாம். செம்மொழி அதற்குள் யோசித்து வைத்திருந்தாள். நான்கு ‘இ’யில் இடம்பெயர்ந்தவர்தான் சேதாரம் குறைந்தது என்பது அவள் முடிவு.

“அதுக்கு எட்டாம் நம்பர் படிவம் இருக்குங்கய்யா. எடம் மாறினவங்க திரும்பி வந்துக்கலாம். செத்தவங்க திரும்பி வர்றதுக்கு இன்னும் படிவம் அச்சடிக்கல.”

கோவிந்தராசுவும் சரி என்றார். ஆனால் படிவத்தில் முந்தைய முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக அவர் இருப்பது ஒரே வீடு. அதற்கு முந்தைய முகவரி என்று பார்த்தால் அவர் அம்மாவின் வயிறு. வெகுநேரம் யோசித்து, போன ஆவணியில் தங்கை மகள் கல்யாணத்துக்குத் திருப்பனந்தாளில் பன்னிரண்டு நாள் தங்கியதைச் சொன்னார். பன்னிரண்டு நாள் போதுமா என்றும் கேட்டார். எத்தனை நாள் என்று படிவத்தில் கட்டம் இல்லை என்றாள் செம்மொழி.

படிவத்தை ஆன்லைனில் ஏற்ற கடைத்தெருவுக்குப் போனார். ‘இ-சேவை மையம்’ என்று பலகை தொங்கியது. முதல் எழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே கொஞ்சம் தயங்கினார். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த வானதி, எங்கிருந்து எங்கே மாற்றம் என்று கேட்டாள். கோவிந்தராசு எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லும் பழக்கம் உள்ளவர்.

“இங்கேருந்து திருப்பனந்தாள் போனேம்மா. போயி பன்னண்டு நாள் இருந்தேன். அப்புறம் அங்கேருந்து...”

வானதிக்கு முதல் வாக்கியமே போதுமானதாக இருந்தது. சர்வர் எந்த நிமிஷமும் போய்விடும் என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

பத்தாம் நாள் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது, வாழ்த்துகள் என்று இருந்தது. கோவிந்தராசு அதை டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டிவிட்டு நேரே மதிவாணன் வீட்டுக்குப் போனார். மதிவாணன் வெளியே போயிருந்தார். சாவித்திரிதான் வாங்கிப் படித்தாள்.

“அண்ணே, இதுல திருப்பனந்தாள்னு போட்டிருக்கே.”

கோவிந்தராசு இடிந்து போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாவித்திரி ஆறுதல் சொன்னாள். “அதனால என்னண்ணே? திருப்பனந்தாளும் நல்ல ஊருதான். மடமெல்லாம் இருக்கு. பேசாம அங்கயே போட்டுடுங்க.”

மதிவாணன் அவ்வளவு நல்லவர் இல்லை. மறுநாள் ஊரெல்லாம் ஒரு பேச்சு சுற்றியது: எனக்கு ஓட்டுப் போடக் கூடாதென்று அத்தான் இந்தத் தடவை ஊரையே மாற்றிக்கொண்டுவிட்டார்.

அடுத்தபடியாகத் தாலுகா ஆபீஸ். தேர்தல் பிரிவில் இருந்த தியாகராசன் இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தர், எதைக் கேட்டாலும் சுற்றறிக்கை படிப்பதுபோல் பதில் சொல்வார். மறுபடியும் எட்டாம் படிவம் போட்டு இங்கே வரலாம், ஆனால் போனதே இன்னும் இறுதிப் பட்டியலில் ஏறவில்லை, ஏறாத ஒன்றை இறக்க முடியாது என்றார். அதற்குள் நாள் முடிந்துவிடும். ஆகவே ஆறாம் படிவம் போட்டுப் புதிதாகவே சேர்ந்துவிடுங்கள் என்று வழி சொன்னார்.

ஆறாம் படிவம் புது வாக்காளர்களுக்கு உள்ளது. ஞாயிற்றுக்கிழமை முகாமில் கோவிந்தராசு அதைக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து மேலதிகாரி ஒருவர் முகாமைப் பார்வையிட வந்தார். ஆறாம் படிவம் கொடுத்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு ரோஜாவும், சட்டையில் குத்திக்கொள்ள ‘என் முதல் ஓட்டு’ என்று ஒரு வில்லையும் கொடுத்தார்கள். ஒன்பது கல்லூரிப் பிள்ளைகள், கடைசியில் கோவிந்தராசு. அதிகாரி பொதுவாகப் பேசினார். வாக்கை விற்காதீர்கள் என்றார். யார் பேச்சிலும் மயங்காமல் பரீட்சைக்கும் நன்றாகப் படியுங்கள் என்றார். கோவிந்தராசு படிப்பதாகத் தலையாட்டினார்.

போட்டோ அன்று மதியமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அனுப்பியது மதிவாணன். கீழே, ‘அத்தானுக்கு இன்றுதான் பதினெட்டு நிறைவு’ என்று எழுதியிருந்தார்.

அதையும் கோவிந்தராசு பொறுத்துக்கொண்டார். ஆனால் கம்ப்யூட்டர் பொறுக்கவில்லை. திருப்பனந்தாளில் இருந்த முகமும் சித்தன்வாய்க்காலில் சேர வந்த முகமும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டது. இரட்டைப் பதிவு. ஒரே நாளில் இரண்டு நோட்டீஸ் வந்தது. வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருப்பனந்தாளில் விசாரணைக்கு வரவேண்டும் என்று ஒன்று. அதே புதன்கிழமை அதே பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீசுக்கு வரவேண்டும் என்று இன்னொன்று. வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று இரண்டிலும் அச்சாகியிருந்தது.

கோவிந்தராசு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு யோசித்தார். திருப்பனந்தாளுக்குத் தானே போய் அங்குள்ள பெயரை எடுக்கச் சொல்லிவிட வேண்டும். தாலுகா ஆபீசுக்கு அம்சம் போய் ஆள் வந்ததாகக் கணக்குக் காட்டிவிட வேண்டும். அம்சத்தை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது, அது பழைய விதி. திருப்பனந்தாள் என்ற பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது, அது புது விதி. எடுத்தால் அங்கே குடியிருப்பதாக எழுதிக்கொண்டுவிடுவார்கள்.

“அப்புறம் முக்கியமா ஒண்ணு. மொட்டையா ‘இ’ன்னு போட விடாத. எதுவானாலும் முழுசா எழுதச் சொல்லு.”

அம்சம் சரி என்றாள்.

தாலுகா ஆபீசில் நடந்ததை, அம்சம் சொன்னதையும் தியாகராசன் பிற்பாடு சொன்னதையும் வைத்துப் பார்த்தால் இப்படி இருந்திருக்கிறது.

“கோவிந்தராசு வரலீங்களாம்மா?”

அம்சம் இரண்டு விதிகளையும் ஒரு தரம் மனதில் ஓட்டிப் பார்த்தாள். “போயிட்டாருங்க.”

தியாகராசன் பேனாவைக் கீழே வைத்தார். “எப்பம்மா?”

“காலையிலதாங்க. ஏழு மணிக்கு.”

“இன்னிக்கா?”

“ஆமாங்க. குளிச்சாரு, நாலு இட்லி சாப்ட்டாரு, நல்லாத்தான் இருந்தாரு. திடுதிப்புனு மணி ஆயிடுச்சுன்னாரு. போயிட்டாரு.”

“கூட யாரும்மா இருந்தாங்க?”

“யாரு துணைக்கு வருவாங்க? தனியாத்தான் போனாரு.”

“வாஸ்தவந்தான். அதுக்கு யாரும் துணைக்குப் போக முடியாது.” தியாகராசன் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த நேரத்துல நீங்க இங்க வந்து நிக்கறீங்களே.”

“அவருதாங்க சொல்லிட்டுப் போனாரு. நான் போனாலும் நீ ஆபீசுக்குப் போயிடு, நோட்டீசுக்குப் பதில் சொல்லாம விட்டுடாதன்னு.”

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் இப்படி ஒரு வாக்காளரைத் தியாகராசன் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். எதற்கென்று தெரியாமல் அந்தப் பிரிவே எழுந்து நின்றது. அம்சத்துக்கு ஒரு கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். நல்ல மனுஷர்கள், நாம் நினைத்த மாதிரி இல்லை என்று அம்சம் முழுசையும் குடித்தாள். அவர் பேரேட்டைத் திறந்தபோதுதான் மூன்றாவது பாடம் ஞாபகம் வந்தது.

“ஐயா, மொட்டையா ‘இ’ன்னு போட்டுடாதீங்க. முழுசா எழுதிடுங்க.”

தியாகராசன் முழுசாக எழுதினார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றதால் எழுத்துகள் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தன. நீளமாகத்தான் இருக்கிறது என்ற திருப்தியோடு பஸ் ஏறினாள்.

கோவிந்தராசுவும் அன்று சந்தோஷமாகத்தான் திரும்பினார். திருப்பனந்தாளில் ஐந்தே நிமிஷத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மறுநாள் வியாழக்கிழமை காலை செம்மொழி மூச்சிரைக்க வந்து நின்றாள். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

“ஐயா, ஒரு விஷயம். இப்ப நீங்க எந்த ‘இ’ங்கறதுல சந்தேகமே இல்ல.”

தாலுகா ஆபீசுக்கு ஓடினார். தியாகராசனுக்கு அவரைப் பார்த்ததில் மகிழ்ச்சி இல்லை, கோலி சோடா வீணாகிவிட்டதே என்பதுபோல் பார்த்தார். நான்தான் கோவிந்தராசு, இதோ நிற்கிறேன் என்றார் இவர். நிற்பது ஆதாரமாகாது என்றார் அவர். பதிவேட்டில் மனைவியே நேரில் வந்து சொன்னதாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் அதே வார்டைச் சேர்ந்த இரண்டு வாக்காளர்கள், உறவினர் அல்லாதவர்கள், இவர் உயிரோடு இருப்பதாகக் கைப்பட எழுதி, நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைப் பட்டியல் நாளை மாலை ஐந்து மணிக்கு மூடப்படுகிறது. ஐந்து ஒன்றுக்குத் தெய்வமே வந்தாலும் சேர்க்க முடியாது.

சித்தன்வாய்க்கால் மூன்றாவது வார்டில் கோவிந்தராசுவுக்கு உறவில்லாத ஆள் கிடைப்பது சுலபமில்லை. பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி என்று வீட்டுக்கு வீடு கழித்துக்கொண்டே வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கழித்ததில் மிச்சம் நின்றது கீழத்தெரு மட்டும். கீழத்தெரு முழுக்கத் துரைராசுவின் ஆட்கள்.

சாவித்திரிக்குக்கூட இது பொறுக்கவில்லை. “அவங்ககிட்ட போயி கையேந்தணுமாண்ணே? உங்களுக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல. விட்டுடுங்க. உயிரோடதான் இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?”

கோவிந்தராசு மானத்தைத் துண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு துரைராசு வீட்டுக்குப் போனார். துரைராசு வாசலில் டிராக்டர் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஊருக்கே தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் கேலி இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“போன தடவ நீ எனக்குத்தான் போட்டேன்னு உன் மச்சினன் வீடே சொல்லுது. ஆறு வருஷமா அதுக்காக நீ ஒத்த அப்பளம் தின்னுக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எனக்கு விழுந்த ஓட்ட நான் சாக விடுவனாய்யா?”

கோவிந்தராசு வாயைத் திறந்தார். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான், அதையும் அவர் சொல்லவில்லை.

துரைராசு தன் ஆள் புகழேந்தியையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஒரே பைக்கில் மூன்று பேர். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து துரைராசு தன் கையாலேயே எழுதினார்: மேற்படி கோவிந்தராசு எனக்கு நன்கு அறிமுகமானவர். இன்று பிற்பகல் வரை உயிருடன் உள்ளார். வயலுக்குச் செல்கிறார், டீ குடிக்கிறார், வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் தோளைப் பலமாகப் பிடித்துக்கொள்கிறார். புகழேந்தியும் கீழே கையெழுத்திட்டார். தியாகராசன் இரண்டு தரம் படித்து, கோவிந்தராசுவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்து, முத்திரை குத்தியபோது மணி நாலு ஐம்பத்திரண்டு.

துணைப் பட்டியலில் கடைசி எண் 263. கோவிந்தராசு, ஆண், வயது 58. காரணக் கட்டம் காலி.

தேர்தல் அன்று ஏழு மணிக்கு வாக்குச்சாவடி திறந்தது. கோவிந்தராசு ஆறு மணிக்கே வாசலில் நின்றார். பெயர் இருக்கிறது, ஆண் என்றே இருக்கிறது, மீசையும் இருக்கிறது. உள்ளே போய் மதிவாணன் சின்னத்தில் முத்திரையை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசித்து ஒரே தரம் குத்தினார். வெளியே வந்ததும் விரலை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலத்தெரு முழுக்க நடந்தார். மதிவாணன் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தரம் நடந்தார். துரைராசுவும் அந்த விரலைப் பார்த்தார். தனக்கு விழுந்த ஓட்டு என்று பெருமையாகக் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஓட்டு எண்ணிக்கை ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. துரைராசு நூற்று இருபது. மதிவாணன் நூற்று இருபத்தொன்று. மறு எண்ணிக்கை கேட்டார்கள். அப்போதும் அதேதான்.

மதிவாணனுக்குப் போட்ட மாலையை அவர் கழற்றிக் கோவிந்தராசு கழுத்தில் போட்டார். ஆறு வருஷப் பேச்சு அந்த நிமிஷத்தில் நின்றது. அம்சத்தின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். சுண்ணாம்பு போட்டு மையை அழித்தார் என்று சொன்னவரே அந்த விரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலுவலக வாசலில் துரைராசு எதிரே வந்தார். கோவிந்தராசுவுக்கு முகம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

துரைராசு அவர் தோளைத் தட்டினார். “வருத்தப்படாதய்யா. நீ போட்டும் தோத்துட்டேன், உன் தப்பு என்ன இருக்கு?”

அன்று சாயங்காலம் மதிவாணன் வீட்டில் உட்கார இடமில்லை. தெருவிளக்கு வேண்டும் என்று நாலு பேர், வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று ஆறு பேர், சும்மா வாழ்த்திவிட்டுப் போக வந்து போகாமல் உட்கார்ந்துவிட்டவர்கள் இருபது பேர். நடுவே மதிவாணன் சால்வையோடு உட்கார்ந்து, வயல் வேலையை இனி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கொரு தரம் உள்ளே பார்த்து, இன்னும் பத்து காப்பி என்றார்.

கோவிந்தராசு சமையல்கட்டுக்குப் போனார். தனக்காக ஆறு வருஷம் ஒருத்தியாவது பரிந்து பேசினாளே, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. சாவித்திரி புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே டம்ளர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாவித்திரி, உன் புருஷனுக்குச் செய்யவேண்டிய கடமையச் செஞ்சுட்டேம்மா. உனக்கு இப்ப நிம்மதிதானே?”

சாவித்திரி கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“போன தடவையும் இந்தத் தடவையும் என் ஓட்டு துரைராசு அண்ணனுக்குத்தாண்ணே, தோத்ததுனால ஆறு வருஷம் இந்த மனுஷன் ஒழுங்கா வயலுக்குப் போயி வீடு வந்து சேந்தாரு, நீங்க செத்த எடத்துலேர்ந்து எழுந்து வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க.”